ரேஷன் அரிசி வருகிற வீட்டில் அம்மாவுக்கு ஏன் தூக்கம் வருவதில்லை?

உங்கள் அக்கா நீலகிரி மாவட்டத்தில் கூடலூர் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் விஷயமாக வருகிற அம்மாக்களில் நிறையப் பேர் சோர்ந்துபோய் நிற்கிறார்கள், சின்னதற்கெல்லாம் எரிந்து விழுகிறார்கள், போன வாரம் சொன்னதை இந்த வாரம் மறந்துவிடுகிறார்கள், கேட்டால் தலைவலி, தூக்கமில்லை என்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் சாப்பாடு போதாமல் இருப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று அவர் நினைக்கிறார். ரேஷனில் அரிசி இலவசமாகவே கிடைக்கிற மாநிலத்தில் அது எப்படி என்பது உங்கள் கேள்வி.

தொடர்பு உண்டு, அதுவும் நன்றாக ஆராயப்பட்ட தொடர்பு. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி பக்கங்களில் சுகாதாரக் குழுக்களோடு பல வருடம் வீடு வீடாகப் போனவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அடுத்த வாரம் அடுப்பில் என்ன ஏறும் என்பது நிச்சயமில்லாமல் இருப்பதுதான் மனதை அதிகம் அரிக்கிறது. அந்த நிச்சயமின்மை வீட்டில் இருக்கிற ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கு பிரிவதில்லை, சமைக்கிறவள் தலையில்தான் மொத்தமாக விழுகிறது. உதவி செய்ய நினைப்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் ஏதாவது நடக்கும்.

இதை உலகம் முழுக்க எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் எட்டுக் கேள்விகள் வைத்திருக்கிறது. கையில் காசோ வேறு வழியோ இல்லாததால், கடந்த ஒரு வருடத்தில், சாப்பாடு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. அப்புறம் சத்தானதைச் சாப்பிட முடியாமல் போனதா, திரும்பத் திரும்ப ஒரு சில வகையையே சாப்பிட்டீர்களா, ஒரு வேளையை விட்டீர்களா, வேண்டியதைவிடக் குறைவாகச் சாப்பிட்டீர்களா, வீட்டில் சாப்பாடே தீர்ந்துபோனதா, பசித்தும் சாப்பிடாமல் இருந்தீர்களா, கடைசியாக, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கழித்தீர்களா. பாருங்கள், முழுப் பட்டினி எட்டாவது படியில்தான் வருகிறது. முதல் படி கவலை. ரேஷன் அரிசி நம் ஊரில் ஏழாவது, எட்டாவது படிகளைப் பெருமளவு அடைத்துவிட்டது, அது சாதாரண விஷயமில்லை, 2011 ஜூனிலிருந்து இலவசமாக வருகிற அந்த அரிசி எத்தனை வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று மலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் முதல் ஐந்து படிகள் அப்படியேதான் இருக்கின்றன.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு ஆட்சேபம் எழுப்புவார்கள், அது நியாயமானதும்கூட. முதல் கேள்வியே கவலையைப் பற்றியது என்றால், சாப்பாட்டுத் தட்டுப்பாடு உள்ளவர்களுக்குக் கவலை அதிகம் என்று கண்டுபிடிப்பதில் என்ன ஆச்சரியம், ஒன்றையே இரண்டு தடவை அளக்கிறீர்களே என்று. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தட்டுப்பாடு படிப்படியாகக் கூடக் கூட மனநலம் படிப்படியாக மோசமாகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. 149 நாடுகளின் தரவை வைத்து 2017-இல் வந்த ஒரு ஆய்வு இதைத்தான் காட்டியது. ஏழை நாடுகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் 3 வயதுக் குழந்தை உள்ள 2,870 அம்மாக்களிடம் எடுத்த ஒரு ஆய்வு 2006-இல் வெளியானது. சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீடுகளில் 16.9 சதவீத அம்மாக்களுக்கு மனச்சோர்வோ கடும் பதற்றமோ இருந்தது, ஓரளவு நெருக்கடி உள்ள வீடுகளில் 21 சதவீதம், உண்மையிலேயே தட்டுப்பாடு உள்ள வீடுகளில் 30.3 சதவீதம். அதே வீடுகளில் குழந்தைகளின் நடத்தைப் பிரச்சினைகளும் அதே வரிசையில் கூடின. உங்கள் அக்கா வகுப்பில் பார்ப்பதும் வாசலில் பார்ப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகளாக இருக்கலாம்.

சரி, இது உடம்புக்குள் எப்படி நடக்கிறது?

நேரடியான வழி பசிதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, கிட்டத்தட்ட ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். எலும்பும் தோலுமானது ஒரு பக்கம். மனதில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். எரிச்சல், சோர்வு, எதிலும் ஈடுபாடின்மை, யாரோடும் சேராமல் ஒதுங்குவது, நாள் முழுக்கச் சாப்பாட்டைப் பற்றியே யோசிப்பது. மனநலத்தில் குறையேதும் இல்லாதவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள் அவர்கள். ஆகவே, அரை வயிற்றோடு ஆறு மணி நேரம் சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வரும் ஒரு பெண் ஆசிரியையிடம் முறைத்துப் பேசினால், அது அவர் குணம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று யோசிக்க வேண்டும்.

இரத்தச்சோகை அடுத்தது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை. பாதிக்கு மேல்! இரும்புச்சத்து குறைந்தால் மூச்சு வாங்குவதும் கை கால் அசருவதும் மட்டுமில்லை, கவனம் நிற்காது, எதையும் தொடங்க மனம் வராது, படபடப்பு வரும். மனச்சோர்வின் அறிகுறிகளும் இதேபோல்தான் இருக்கும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கும். கூடலூர் பகுதியில் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இரத்தச்சோகை என்ற பரம்பரை நோயும் உண்டு. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டதே 1952-இல் நீலகிரியில்தான். அதனால் 'அசதியாக இருக்கிறது' என்று ஒரு பெண் சொன்னால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் மனநோய் என்றும் சொல்லக்கூடாது, வெறும் இரத்தக் குறைவு என்று சத்து மாத்திரையோடு அனுப்பியும் விடக்கூடாது.

இதற்கெல்லாம் மேலே இருப்பது யார் எப்போது சாப்பிடுகிறார்கள் என்ற விஷயம். வீட்டில் இருப்பது நாலு பேருக்குப் போதும், ஐந்து பேருக்குப் போதாது என்றால் அந்த ஐந்தாவது ஆள் யார் என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதுகூட இல்லை. பிள்ளைகளுக்கு, வீட்டுக்காரருக்கு, மாமியாருக்கு வைத்துவிட்டு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் குடித்துக்கொள்வது, குழம்பில் இருக்கிற காயையெல்லாம் பிள்ளைகள் தட்டுக்குத் தள்ளிவிட்டு இவர் ரசத்தோடு முடித்துக்கொள்வது, இதையெல்லாம் அவரே தியாகம் என்று நினைப்பதில்லை, 'எனக்குப் பசிக்கல' என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். பீகார், ஜார்க்கண்ட், மகாராஷ்டிரா மாநிலங்களில் 2018-இல் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2021-இல் வந்த ஒரு ஆய்வு, கடைசியில் சாப்பிடும் பெண்களின் மனநலம் மற்றப் பெண்களைவிட மோசமாக இருப்பதைக் காட்டியது. உடம்புக்குக் கிடைப்பது குறைவதோடு, வீட்டில் தன் இடம் எது என்று தினம் மூன்று வேளையும் அவருக்குச் சொல்லப்படுகிறது என்பதையும் அந்த ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊரில் இது மாறிவிட்டது என்று சொல்பவர்கள் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிற ஒரு லைன் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இனி மலைக்கு வருகிறேன், ஏனென்றால் சமவெளியில் இருப்பவர்களுக்கு இங்கே சாப்பாடு எவ்வளவு நிலையில்லாதது என்று தெரிவதில்லை. ஊட்டி என்றால் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று நினைக்கிறீர்கள். ஆனால் தேயிலை நிற்கிற இடத்தில் தேயிலை மட்டும்தான். லைன் வீட்டு வாசலில் நாலு சுரைக்கொடி, கொஞ்சம் கீரை தவிர வேறு விளைவதில்லை, அதையும் குரங்கும் பன்றியும் விட்டுவைத்தால்தான். மலையில் விளைகிற காய்கூட மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிப் போய் விலை பேசப்படுகிறது. பருப்பு, எண்ணெய், வெங்காயம், முட்டை எல்லாம் கீழிருந்து ஏறி வரவேண்டும், ஏற்றுக்கூலி விலையில் சேரும். மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டால் நாலு நாள் அதுவும் வராது.

வருமானமோ பருவத்தோடு ஏறி இறங்குகிறது. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேல் நீலகிரியில் உறைபனி, கொழுந்து கருகிவிடும். இலை இல்லையென்றால் தினக்கூலிக்கு வேலையில்லை, சிறு விவசாயிக்கும் ஃபேக்டரியிலிருந்து பணம் குறைவு. பசுந்தேயிலை விலை தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்த பிறகு பழைய நம்பிக்கைக்குத் திரும்பவே இல்லை என்று படுகர் ஊர்களில் எல்லாரும் சொல்வார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை ஊற்றும், வெளிவேலை கிடைக்காது. அதே ஜூனில்தான் பள்ளி திறக்கிறது, நோட்டு, பை, செருப்பு, குடை எல்லாம் வாங்கவேண்டும். குழுக் கடனின் வாரத் தவணையோ மழை, பனி என்று எதையும் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை தவணை கட்டியாகவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை சந்தைப் பணத்தில்தான் கை வைப்பார்கள். கடன்காரனை ஒத்திப்போட முடியாது, வயிற்றை ஒத்திப்போடலாம். யார் வயிறு என்பதைத்தான் மேலே சொன்னேன்.

டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இங்கே தேயிலை நட்டது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் மிஞ்சுவது வயதான பெண்ணும், அவரிடம் விட்டுவைத்த பேரனும். மகன் பணம் அனுப்புகிற மாதம் ஒரு மாதிரி, அனுப்பாத மாதம் ஒரு மாதிரி. அந்தப் பாட்டிக்கு வரும் மனச்சோர்வை வயதாகிவிட்டது என்று எல்லாரும் ஒதுக்கிவிடுவார்கள், ஆனால் பேச விட்டால் பத்தாவது நிமிடத்தில் பேச்சு அரிசி டப்பாவுக்கு வந்துவிடும்.

யானையைச் சொல்லாமல் பந்தலூரைப் பற்றிப் பேச முடியாது. அரிசியின் வாசம் பிடித்து வீட்டை உடைக்கிற யானைகள் அங்கே உண்டு, ரேஷன் கடைகளும் தப்பியதில்லை. பி.எம்.-2 என்று பெயரிடப்பட்ட மக்னா (தந்தமில்லாத ஆண் யானை) பல வீடுகளை உடைத்து, ஒரு பெண்ணின் உயிரையும் பறித்த பிறகு, 2022 டிசம்பரில்தான் பிடிபட்டது. அந்த ஊர்களில் வீட்டில் அரிசி இல்லையென்றாலும் தூக்கமில்லை, இருந்தாலும் தூக்கமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்குப் போய் வரமுடியாது, அதனால் வேலை முடிந்து கூலி கையில் வந்த அன்றே சாமான் வாங்க முடியாமல் போகும். இரவில் மரம் முறிகிற சத்தம் கேட்டால் பிள்ளைகளை எழுப்புவதா, விளக்கை அணைப்பதா என்று விழித்துக் கிடக்கிற அம்மா காலையில் ஆசிரியை சொல்வதை எப்படி மனதில் வாங்குவார்?

ரேஷன் கடைக்குத் திரும்பி வருவோம், உங்கள் கேள்வியின் மையம் அதுதானே. அரிசி இலவசம், சர்க்கரை, பருப்பு, பாமாயில் குறைந்த விலையில். ஆனால் அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று வேளை எப்படி ஓட்டுவது? பருப்பு மாதம் ஒரு கிலோ, ஐந்து பேர் உள்ள வீட்டில் எத்தனை நாளுக்கு வரும்? மலை உயரத்தில் பருப்பு வேக நேரமாகும், விறகோ கேஸோ அதிகம் செலவாகும். கைரேகை இயந்திரத்தில் விரல் பதியாத சிக்கல் வேறு. வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளியும் மண் கொத்தியும் ரேகை தேய்ந்துபோன பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். 'சாயங்காலம் வாங்க, நாளைக்கு வாங்க' என்று சொன்னால் அன்றைய கூலி போனது. பருப்பு இன்னும் லோடு வரவில்லை என்றால் இன்னொரு நாள். பழங்குடிக் குடும்பங்களில், குறிப்பாகப் பணியர், காட்டுநாயக்கர் வீடுகளில், முன்பெல்லாம் காட்டுக் கிழங்கும் கீரையும், வயலில் பிடிக்கிற நண்டும் மீனும், ராகியும் சாமையும் இருந்தன. காட்டுக்குள் போவதற்குக் கட்டுப்பாடு வந்தது, வயல்கள் வாழையும் தேயிலையுமாக மாறின. தட்டில் இப்போது வெள்ளை அரிசி ஒன்றே மலையாகக் குவிந்திருக்கிறது. வயிறு நிறைகிறது, சத்து இல்லை. அந்தக் கிழங்கு எங்கே கிடைக்கும், எந்தக் கீரையை எப்போது பறிக்கலாம் என்று தெரிந்திருந்த பெண்ணுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது, அதுவும் சேர்ந்து போய்விட்டது என்று எனக்குத் தோன்றும்.

வெட்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மருத்துவமனைக் குறிப்பேட்டில் அது எங்கேயும் வருவதில்லை. கடையில் பற்று நோட்டு நிரம்பிவிட்டால் கடைக்காரர் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, அடுத்தவருக்கு முதலில் சாமான் கட்டிக் கொடுத்தாலே போதும். அதற்கப்புறம் அந்தப் பெண் கடைக்குப் பிள்ளையை அனுப்புவார். சொந்தக்காரர் வருகிறார் என்றால் பயம். விசேஷத்துக்குப் போனால் திருப்பி அழைக்கவேண்டுமே என்று போகாமல் இருப்பார். பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் எண்ணெய் கேட்ட நாளிலிருந்து அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். இப்படி ஒவ்வொரு கதவாக அவரே சாத்திக்கொண்டு வந்து கடைசியில் பேச ஆளில்லாமல் நிற்பார். மனச்சோர்வுக்கு இதைவிடச் செழிப்பான மண் கிடையாது.

வீட்டுக்குள்ளோ, சோறு சண்டைக்குக் காரணமாகிறது. கூலியில் பாதி டாஸ்மாக்கில் போன பிறகு வீட்டுக்கு வருகிற ஆள் 'குழம்பு இல்லையா' என்று கேட்டுத்தான் கையை ஓங்குவார். பணம் கொடுக்காதவர் கேட்கிற கேள்விக்குச் சமைக்கிறவள் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவமாகி ஆறு முதல் எட்டு வாரங்களான அம்மாக்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவனின் அடி, பிறந்தது பெண் குழந்தை என்பவையெல்லாம் அதோடு சேர்ந்து வந்தன. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து மருந்து கொடுக்க முடியாது.

இதுவரை சொன்னது தட்டுப்பாட்டிலிருந்து மனதுக்குப் போகிற பாதை. மனதிலிருந்து சாப்பாட்டுக்கும் ஒரு பாதை இருக்கிறது, அதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். மனச்சோர்வில் இருக்கும் பெண்ணால் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, வேலைக்குப் போய், சாயங்காலம் வரிசையில் நின்று சாமான் வாங்க முடியாது. ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும், கூலி போனால் சந்தை போகும். குழந்தை அழுதாலும் ஊட்டத் தெம்பில்லை. வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் எடுத்து 2004-இல் வெளியான ஒரு ஆய்வு, அம்மாவின் மனச்சோர்வுக்கும் கைக்குழந்தையின் ஊட்டச்சத்துக் குறைவுக்கும் உள்ள தொடர்பை நம் தமிழ்நாட்டுக் கிராமத்திலேயே காட்டியிருக்கிறது. குழந்தையின் எடை குறைந்தால் அங்கன்வாடியில் எல்லாரும் அம்மாவைத் திட்டுகிறார்கள். அந்தத் திட்டு அவரை இன்னும் ஒரு படி கீழே தள்ளுகிறது. தயவுசெய்து உங்கள் அக்காவிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்: இளைத்த பிள்ளையின் அம்மாவைக் கண்டிப்பதற்கு முன்னால் அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

என்னதான் செய்வது?

பேச்சு வைத்தியம் உதவும். பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமங்களில், நம் கிராம சுகாதாரச் செவிலியர் மாதிரியான பெண் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்கே போய்ப் பேசவைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அந்தப் பேச்சு கிடைத்த அம்மாக்களில் 23 சதவீதம் பேருக்கே மனச்சோர்வு இருந்தது, கிடைக்காதவர்களில் 53 சதவீதம். மனநல மருத்துவர் இல்லாத ஊரில்கூடச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அதே ஆய்வில் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவின் மனம் தேறியது, குழந்தையின் எடை கூடவில்லை. ஆறுதல் பேச்சால் தட்டு நிறையாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு பக்கம், கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. சாப்பாட்டு நிலையும் மனநலமும் இரண்டுமே மேம்பட்டன. அதில் எனக்குப் பிடித்த செய்தி என்னவென்றால், மொத்தமாகக் கொடுத்ததைவிட மாதாமாதம் கொடுத்தபோதுதான் சாப்பாட்டு நிலை அதிகம் மேம்பட்டது. கையில் வந்த மொத்தப் பணம் கூரைத் தகரத்துக்குப் போனது, மாதப் பணம் அடுப்புக்குப் போனது. நம் ஊரில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். ஆயிரம் ரூபாய்க்கு என்ன வரும் என்று கேலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தேதி தெரிந்து, தன் பெயரில், யாரிடமும் கேட்காமல் வருகிற பணம் அது. பற்று நோட்டில் 'இந்தத் தேதிக்குத் தந்துவிடுகிறேன்' என்று ஒரு பெண் தலை நிமிர்ந்து சொல்ல முடிகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படித்தான், பிள்ளைக்குக் காலையில் என்ன கொடுப்பது என்ற ஒரு கவலையை அம்மா தலையிலிருந்து இறக்கி வைத்தது. காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் பள்ளியில் கிடைக்கிற நாட்களில் வீட்டில் கணக்குப் போடவேண்டியது ஒரு வேளைக்குத்தான்.

அதனால்தான் கோடை விடுமுறையைக் கண்டு நான் பயப்படுகிறேன். அந்த வாரங்களில் பள்ளிச் சாப்பாடு இல்லை, பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில். வேலைக்குப் போகிற அம்மா அவர்களுக்கு மூன்று வேளைக்கும் வழி செய்யவேண்டும், காட்டோரம் போய்விடாமல் யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பள்ளி திறந்து முதல் வாரத்தில் அம்மாக்களின் முகத்தைப் பார்த்தால் அந்த விடுமுறை எப்படிப் போனது என்று தெரியும். இதைப் பற்றிப் பேசுகிற அதிகாரிகள் குறைவு, ஆசிரியர்கள்தான் பேசவேண்டும்.

உங்கள் அக்காவுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். கேட்பதாக இருந்தால் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள், மற்ற அம்மாக்கள் முன்னால் வேண்டாம், பிள்ளை முன்னாலும் வேண்டாம். 'வீட்டில் சாப்பாடு இருக்கிறதா' என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், அது மானப் பிரச்சினை. 'இந்த மழையில் வேலை கிடைக்கிறதா, சாமானெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள், நேற்று ராத்திரி நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்' என்று கேட்டால் பேச்சு தானாக வரும். நான் கேட்டதில் அதிகம் பதில் கொடுத்த கேள்வி அந்தக் கடைசிக் கேள்விதான்.

பேச்சு வந்ததும் ரேஷன் அட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வகை அட்டை, யார் பெயரெல்லாம் இருக்கிறது, கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் இன்னும் அம்மா வீட்டு அட்டையிலேயே இருக்கிறதா? நீலகிரியின் ஆறு பழங்குடிச் சமூகங்களும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) தனிக் கவனம் வேண்டிய தொன்மைப் பழங்குடிகள் பட்டியலில் இருப்பவர்கள், மாதம் 35 கிலோ அரிசி தரும் அந்தியோதயா அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள். அது கையில் இல்லாத வீடு இருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதே பெரிய மனநல உதவி. கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அங்கன்வாடிச் சத்துமாவும், மகப்பேறு உதவித்தொகைப் பதிவும் விட்டுப்போயிருக்கிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்கலாம்.

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை, காரணமில்லாமல் உடம்பெல்லாம் வலிக்கிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனையோடு தொடங்கவேண்டும், மனநலத்துக்கும் சேர்த்தே காட்டவேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் எந்த நாளில் எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிற பெண் டாக்டர் இல்லை என்று திரும்பிப் போனால் இன்னொரு தடவை வரமாட்டார். நாட்டில் சாதாரண மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்கிறது, அதில் இந்த ஒரு நாள் கூலிக்கும் பங்கு இருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் பயப்படவேண்டாம், ஆனால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாகும், நன்றாக இருக்கிறது என்று தானாக நிறுத்தக்கூடாது என்பதைச் சொல்லி அனுப்பவேண்டும்.

'எல்லாரையும் விட்டுப் போய்விடலாம் போலிருக்கிறது' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் அதைக் கோபத்தில் சொன்னது என்று விடாதீர்கள். நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்றைக்கு அவரைத் தனியே அனுப்பவேண்டாம், நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கட்டும். தோட்ட வேலை செய்யும் வீடுகளில் பூச்சிமருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கும், அதை வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லவேண்டும். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் அடி உதை இருந்தால் பெண்கள் உதவி எண் 181. ஆனால் பந்தலூர்ப் பக்கம் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது, பல பெண்களிடம் போன் கணவர் கையில்தான் இருக்கும். ஆகவே எண்ணைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காமல், பள்ளியிலிருந்தே, தலைமையாசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து பேச ஒரு போன் கொடுத்தால் நல்லது. உங்கள் அக்காவால் இந்த வாரமே செய்ய முடிகிற காரியம் அது.